குதிகால் சுவிட்ச்

ருவியில் செருப்புத் தைக்கும் யாகூப் கானுக்குத்தான்
முதலில் தெரியும்.
வலது செருப்பைப் புரட்டிப் பார்த்து
"முனை மட்டும் ஏன் இப்படித் தேயுது" என்று
இந்தியில் கேட்டார்.
எம்.ஆர்.ஐ. எடுத்தது அதற்கு எட்டு மாதம் கழித்து.

படத்தில் வெள்ளைப் புள்ளிகள்.
நரம்பின் மேலுறை அங்கங்கே உரிந்திருக்கிறதாம்.
கிளமெண்ட் ஏசி மெக்கானிக்.
உரிந்த வயர் என்றால் டேப் சுற்றலாமே என்று
டாக்டரிடம் கேட்க வாயெடுத்து
கேட்காமல் விட்டதை
காரில் வரும்போது சொன்னான்.
வாதி கபீர் சிக்னல் வரை சிரித்தோம்.
அங்கே பச்சை விழ வெகு நேரமாயிற்று.

வெயிலுக்கும் என் நோய்க்கும் ஏதோ உறவு.
பஸ் நிறுத்தத்திலிருந்து கடை வாசல்
நூற்றுப் பத்து எட்டு, எண்ணியிருக்கிறேன்.
ஜூன் மாதம் அறுபதாவது எட்டில்
பாதம் என் பேச்சைக் கேட்காது.
விரல்கள் தரையைத் துழாவும்,
விழுந்த காசைத் தேடுகிற மாதிரி.
"காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்திருக்கு"
என்றான் பக்கத்துக் கடைக்காரன் மலையாளத்தில்.
நாகர்கோவில்காரிக்கு மலையாளம் தெரியாது
என்று யார் சொன்னார்கள் அவனுக்கு?

முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கம்,
எலும்பு முண்டுக்கு அடியில்
ஈரப் பட்டையை ஒட்டினாள் வஃபா.
குமிழைத் திருகினாள்.
ஒரு எறும்பு.
இன்னும் கொஞ்சம்.
ஒரு புற்று எறும்பு.
இன்னும் கொஞ்சம் என்றபோது
பாதம் நிமிர்ந்தது.
நான் நிமிர்த்தவில்லை.
வருகைப் பதிவில் பெயர் கேட்டதும்
தூக்கக் கலக்கத்தில் எழுந்து நிற்கும்
கடைசி பெஞ்சுப் பிள்ளை போல
அதுவாக நிமிர்ந்தது.

"யல்லா" என்றாள்.
ஷூவுக்குள் சின்னதாக ஒரு சுவிட்ச்.
குதிகால் எழுந்தால் மின்சாரம், ஊன்றினால் நின்றுவிடும்.
நடைக்கூடத்தின் கோடி வரை போய்த் திரும்பினேன்.
உரசல் இல்லை.
நான் வருவது
எனக்கே கேட்கவில்லை.

நோய் போகாது, துணைக்கு வரும், அவ்வளவுதான்
என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.
இன்சூரன்ஸ் கம்பெனி அதை
'சௌகரியப் பொருள்' என்று எழுதித் திருப்பி அனுப்பியது.
சீட்டை இரண்டாம் மாதமே தள்ளி எடுத்தோம்.
தள்ளுபடி போக மிஞ்சியதில்
ஒரு காலுக்குத்தான் காணும்.
நல்லவேளை, ஒரு கால்தான்.

"எனக்கு ஒட்டு பார்க்கலாம்" என்றான் கிளமெண்ட்.
"இருநூற்று நாற்பதைத் தொட்டவன் நான்."
ஒட்டினேன். என் அளவிலேயே வைத்து அழுத்தினேன்.
டீப்பாயை உதைத்தான்.
டம்ளர் உருண்டு தேநீரெல்லாம் கம்பளத்தில்.
ஜெனிலா சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள்.
அவன் பட்டையை மெல்லப் பிரித்தான்.
"இதையா நாள் முழுக்க?"
"எட்டுக்கு ஒரு தடவை" என்றேன்.
துடைக்கத் துணி எடுத்துவரப் போனவன்
அடுக்களையில் சற்று நேரம் நின்றான்.

ஆகஸ்டில் வியர்வை பட்டையை நகர்த்திவிடும்.
ஒரு விரல் அளவு விலகினால் போதும்,
பாதம் மேலே வராமல்
பக்கவாட்டில் வேறு யாரையோ பார்க்கும்.
கடைக் கழிப்பறையில் பாவாடையைத் தூக்கிப் பிடித்து
ஒட்டிப் பார்த்து, எடுத்து, மறுபடி ஒட்டி,
பில் போட வரிசை நிற்கிறது என்று கதவைத் தட்டுவார்கள்.

போன வாரம் ஷூவின் வார் அறுந்தது.
யாகூப் கான் புரட்டிப் பார்த்தார்.
முனையைத் தடவினார்.
குதிகாலைத் தடவினார்.
"யாருடையது இது?" என்றார்.

இரவில் கழற்றுகிறேன்.
தோலில் சிவப்பாய் இரண்டு சதுரங்கள்.
மூன்று போன்களுக்கு நடுவே
அதுவும் சார்ஜில் கிடக்கிறது, பச்சைப் புள்ளியோடு.
இரண்டு மணிக்குக் குளியலறை.
சுவரைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலில்.
"லைட் போடவா?"
தூங்கவில்லை அவன்.
வேண்டாம்.

சர்ர்... டப்.
சர்ர்... டப்.
வருவது நான்தான்.